நகரப் பூங்காவைப் பேணுவது எப்படி: நடப்பவர் கால், மண், மரம்

ஒரு பெருநகரத்தில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பூங்காக்கள் இருக்கும். அவை கெட்டுப்போகும் விதம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். திறந்த புதிதில் புல் பச்சைப்பசேலென்று இருக்கும். சில மாதங்களில் வாசலிலிருந்து ஊஞ்சலுக்குக் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை விழும். ஓரிரு ஆண்டில் அது அகன்று, மழையில் சேறாகவும் வெயிலில் புழுதியாகவும் கிடக்கும். பக்கத்து மரங்கள் உச்சிக் கிளையிலிருந்து காயத் தொடங்கும். தண்ணீர் போதவில்லை என்று குழாய் போடுவார்கள், சத்து இல்லை என்று உரம் கொட்டுவார்கள். இரண்டும் மண்ணுக்குள் இறங்காமல் மேலோடு வழிந்து வடிகாலுக்குப் போகும். ஓயாமல் மிதிபட்டு மண் இறுகிவிட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஆகவே முதலில் மனிதர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து மண்ணைப் பாருங்கள். அதன் பிறகு மரக்கன்றைத் தொடுங்கள். பெரும்பாலான இடங்களில் கன்று முதலில் வந்துவிடுகிறது, மண்ணைப் பற்றிய பேச்சு கன்று பட்டுப்போன பிறகுதான் எழுகிறது.

எந்தப் பூங்காவை முதலில் எடுப்பது

பல பூங்காக்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு வரைபடம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் தரும் அளவுகோல் எளிமையானது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள், குறைந்தது 0.5 முதல் 1 ஹெக்டேர் பரப்புள்ள பசுமைவெளி இருக்க வேண்டும். நகர வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் முன்வைத்த 3-30-300 விதி இன்னும் சற்று விரிவானது. வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரமாவது தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதப் பரப்பை மரக்கிளைகள் மூடியிருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா இருக்க வேண்டும்.

இந்த 300 மீட்டரை அளக்கும்போதுதான் தவறு நடக்கிறது. பூங்காவின் நடுவில் முள் வைத்து வட்டம் போட்டால் கணக்கு அழகாக வரும். நடுவே ரயில்பாதையோ, கடக்க முடியாத சாலையோ, நீண்ட மதிற்சுவரோ இருந்தால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். பூங்காவின் வாசலில் தொடங்கி, தெரு வழியாக நடந்து அளவெடுங்கள். சுமார் ஐந்து நிமிட நடைக்குள் எந்தெந்தத் தெரு வருகிறது என்று வண்ணமிடுங்கள். இப்படிச் செய்து பார்த்தால் சில இடங்களில் புதுப் பூங்காவே தேவைப்படாது. பின்பக்கச் சுவரில் இன்னொரு வாசல் வைத்தால் போதும், அதுவரை எட்டாமல் இருந்த பல தெருக்கள் எல்லைக்குள் வந்துவிடும். பூங்கா வேலைகளிலேயே செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருப்பது இந்த வேலைதான் என்பது எங்கள் எண்ணம்.

மரநிழல் எத்தனை சதவீதம் என்று அறிய ஒவ்வொரு மரத்தையும் எண்ணத் தேவையில்லை. வான்படத்தின் மேல் குருட்டாம்போக்கில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றும் மரத்தின் மேல் விழுகிறதா இல்லையா என்று குறியுங்கள். 100 புள்ளியில் 30 மரத்தின் மேல் விழுந்தால் 30 சதவீதம். அதன் திட்டப்பிழை, அதாவது கணக்கு உண்மையிலிருந்து வழக்கமாக விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 4.6 சதவீதப் புள்ளிகள். புள்ளிகளை 500 ஆக்கினால் பிழை 2 ஆகக் குறையும். இரண்டு காலகட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் 500க்குக் கீழே போகாதீர்கள், இல்லையென்றால் மாற்றம் எது, பிழை எது என்று பிரித்தறிய முடியாது. இந்த வேலைக்காகவே அமெரிக்க வனத்துறை ஆதரவில் வந்த ஐ-ட்ரீ கேனபி என்ற இலவசக் கருவி இருக்கிறது.

கால்தடத்தைப் படியுங்கள்

பூங்காவின் தரைப்படம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். இரண்டு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். ஒவ்வொரு நாளிலும் காலை, நண்பகல், மாலை, இருட்டிய பிறகு என நான்கு வேளை. ஒவ்வொரு வேளையிலும் ஒரே தடத்தில் ஒருமுறை சுற்றி வந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே குறுக்கே போகிறார்கள் என்று புள்ளியும் கோடுமாக இடுங்கள். குழந்தைகள், பெண்கள், முதியோர் ஆகியோரைத் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். மாலையில் பெண்களின் நிறமே இல்லாத மூலை ஒன்று இருந்தால் அங்கே வெளிச்சத்திலோ பார்வைத் தடையிலோ குறை இருக்கிறது.

புல்லின் மேல் விழுந்திருக்கும் ஒற்றையடிப் பாதைகளையும் படத்தில் வரையுங்கள். பாதை போட்டவர் செய்த தவறை நடப்பவர்கள் திருத்திய இடம் அது. முள்வேலி போட்டு மறித்தால் வேலியின் ஓரத்தில் புதுத் தடம் ஒன்று விழும், மிதிபடும் மண் இரட்டிப்பாகும். அதே கோட்டிலேயே நல்ல பாதை போட்டுவிடுங்கள். போட்ட பிறகு பழைய வளைவுப் பாதையில் யாரும் நடக்கவில்லை என்றால் அதைப் பெயர்த்தெடுத்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை 1858இல் வடிவமைத்தபோது ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும் குறுக்கே போகும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். நகரத்து வண்டிகள் கீழே ஓட, நடப்பவர்கள் மேலே தடையில்லாமல் போனார்கள். யார் எந்த வழியாகப் போவார்கள் என்பதை மரம் வைப்பதற்கு முன்பே தீர்த்துக்கொண்ட திட்டம் அது.

மண்ணுக்கு மூன்று சோதனை

முதல் சோதனைக்கு விரல் பருமனைவிடச் சற்று மெல்லிய, முனை மழுங்கிய இரும்புக்கம்பி போதும். 8 மில்லிமீட்டர் கம்பியை வளைத்துக் கைப்பிடி செய்து, 5 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள், அல்லது நன்றாகத் தண்ணீர் விட்ட மறுநாள், இரு கையாலும் நிதானமாக அழுத்துங்கள். நல்ல மண்ணில் 30 செ.மீ. வரை வழுக்கிக்கொண்டு இறங்கும். இருக்கையின் முன்னால், ஊஞ்சலைச் சுற்றி, வாசலருகே குத்திப் பாருங்கள். 5 செ.மீ.யில் தரை கம்பியைத் தள்ளிவிடும். ஒரே ஆள், ஒரே கம்பி, ஒரே ஈரம் என்றால்தான் ஒப்பீடு சரியாக வரும். காய்ந்த மண்ணில் செய்தால் எல்லா இடமும் கல்லாகத் தெரியும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால் 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையத்தை மரக்கட்டை வைத்துத் தரைக்குள் அடித்து, மண் சிதறாமல் எடுத்து, இரு முனையையும் கத்தியால் சமமாக வழியுங்கள். அதன் கொள்ளளவு 98 கன செ.மீ. மண்ணை 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி எடைபோடுங்கள். 157 கிராம் வந்தால் அடர்த்தி 1.6. களிமண்ணில் 1.47ஐத் தாண்டினாலே வேர் நுழையத் திணறும். மணற்பாங்கான மண் 1.8 வரை தாங்கும்.

இரண்டாவது சோதனை தண்ணீர் இறக்கம். 30 செ.மீ. ஆழமும் அதே அகலமும் உள்ள குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியைக் குத்தி மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளவெடுங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் அந்த இடத்தில் நடும் கன்றின் வேர் அழுகும். முதல்முறை நிரப்பும்போதே அளந்துவிடாதீர்கள். காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்வதால் பொய்யான நல்ல எண் கிடைக்கும்.

மூன்றாவது சோதனைக்குக் கண்ணாடிப் புட்டி வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு துளி சோப்பு. நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், ஒரு நாள் கழித்துப் படிவது களி. அடுக்குகளின் தடிமனை அளந்தால் மண்ணின் வகை தெரிந்துவிடும்.

களிமண்ணை இளக்க மணல் கொட்டுவது பரவலான தவறு. கொஞ்சம் மணல் சேர்ந்த களி காய்ந்தால் செங்கல் போல இறுகும். இறுகிய தரையின் மேலேயே வண்டி வண்டியாகப் புதுமண் பரப்புவதும் உதவாது. மேல் அடுக்கில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்காது, வேரும் எல்லைக்கோட்டிலேயே திரும்பிவிடும். மட்கிய இயற்கை உரத்தைத்தான் சேர்க்க வேண்டும். மரமில்லாத திறந்தவெளியில் 5 செ.மீ. தடிமனுக்கு உரம் பரப்பி, 20 முதல் 25 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கலந்துவிடுங்கள். மரத்தடியில் கொத்தக் கூடாது. அங்கே 60 செ.மீ.க்கு ஒன்றாக, 5 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள துளைகள் போட்டு மட்கு நிரப்பி, மேலே மரத்துண்டு மூடாக்கு போடுங்கள். மற்றதை மண்புழு பார்த்துக்கொள்ளும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். அந்த இடத்தில் மறுபடி யாரும் மிதிக்காமல் இருந்தால்தான் இத்தனை உழைப்பும் நிற்கும்.

ஈரமண்ணைக் கொத்தாதீர்கள். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

கன்றைத் தேர்ந்தெடுப்பதும் நடுவதும்

எந்த மரம் என்று கேட்பதற்கு முன், எத்தனை வகை என்று கேளுங்கள். அமெரிக்க மரவியலாளர் ஃபிராங்க் சாண்டமூர் 1990இல் சொன்ன 10-20-30 விதி இன்றும் உதவும். நகரத்து மரங்களில் ஓர் இனம் 10 சதவீதத்தையும், ஒரு பேரினம் 20 சதவீதத்தையும், ஒரு குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. டச்சு எல்ம் நோய் வந்தபோது தெருத்தெருவாக எல்ம் மட்டுமே வைத்திருந்த வட அமெரிக்க, ஐரோப்பிய நகரங்கள் மொத்த நிழலையும் இழந்தன. அந்த இடத்தில் பல ஊர்களில் ஆஷ் மரத்தை வைத்தார்கள். 2002இல் மிச்சிகனில் ஆஷ் துளைப்பான் வண்டு கண்டறியப்பட்டது, அவையும் போயின.

நாற்றங்காலில் எல்லோரும் உயரத்தையும் இலையையும் பார்ப்பார்கள். நீங்கள் தண்டின் அடியைப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் நுழையும் இடத்தில் யானைக்கால் போல அகன்று, பக்கவேர்கள் பிரியும் விரிவு தெரிய வேண்டும். குச்சி நட்டது போல நேராக மண்ணுக்குள் போனால் கன்று ஏற்கெனவே ஆழத்தில் புதைந்திருக்கிறது. விரலால் மண்ணைத் தள்ளிப் பாருங்கள். சில கன்றுகளில் 8, 10 செ.மீ. தள்ளிய பிறகுதான் முதல் பக்கவேர் தட்டுப்படும். அதுவரை உள்ள தண்டுப் பட்டை ஈரத்தில் கறுத்து மெத்தென்று இருக்கும், நகத்தால் கீறினால் பச்சைக்குப் பதில் பழுப்பு வரும். அந்தக் கன்றை வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு கன்றின் பையைக் கழற்றச் சொல்லுங்கள். வேர் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக் கிடந்தால் அது மண்ணில் நட்ட பிறகும் அதே வட்டத்தில்தான் தடிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, நன்றாக வளர்ந்த மரம் சாதாரணக் காற்றில் சாயும். தோண்டிப் பார்த்தால் தன் கழுத்தைத் தானே இறுக்கிய வேர் இருக்கும்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பது வயலுக்குப் பொருந்தும். மரக்குழிக்கு அது தலைகீழ்.

1. வேரும் அதைப் பற்றியிருக்கும் மண்ணும் சேர்ந்ததுதான் வேர்க்கட்டி. அதன் உயரத்தை, வேர் பிரியும் விரிவிலிருந்து அடிவரை, கோலால் அளந்துகொள்ளுங்கள். குழியின் ஆழம் அவ்வளவுதான். கூடுதலாகத் தோண்டி மண்ணைத் திருப்பிப் போட்டால் அது அமுங்கிக் கன்று கீழே இறங்கிவிடும்.
2. அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கு. பக்கங்கள் சரிவாக இருக்கட்டும். களிமண்ணில் மண்வெட்டி பட்ட சுவர் பூசியது போல வழவழப்பாகிவிடும். அதைக் கடப்பாரையால் கீறி விடுங்கள்.
3. பையை முழுவதும் அகற்றுங்கள். அடியில் மட்டும் கிழித்து நட்டால் பாதி வேர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சுற்றி வளைந்த வேர்களை நான்கு பக்கமும் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி வெட்டுங்கள்.
4. தண்டைப் பிடித்துத் தூக்காமல் வேர்க்கட்டியைப் பிடித்து இறக்குங்கள். குழியின் குறுக்கே மண்வெட்டிக் காம்பை வைத்துப் பாருங்கள். வேர் விரிவு காம்பின் மட்டத்தில் அல்லது 2, 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும்.
5. தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் சத்தான மண் நிரப்பினால் வேர் வெளியே வரத் தயங்கும், சுற்றிலும் களிமண்ணாக இருந்தால் குழி தொட்டியாகித் தண்ணீர் தேங்கும். பாதி நிரப்பியதும் தண்ணீர் விட்டுக் காற்றறைகளை அடக்குங்கள். காலால் மிதித்து இறுக்காதீர்கள்.
6. வேர்க்கட்டியின் விளிம்பில் கையளவு கரை எழுப்பி வட்டப்பாத்தி கட்டுங்கள். அதற்குள் மரத்துண்டு அல்லது சருகு 7 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டைச் சுற்றி 10 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும். தண்டின் மேல் குவித்த மூடாக்குப் பட்டையை அழுகச் செய்யும்.

முட்டுக்கோல் எல்லாக் கன்றுக்கும் தேவையில்லை. காற்றில் வேர்க்கட்டியே ஆடினால் மட்டும் வையுங்கள். இரண்டு கோல், தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் அசைந்தால்தான் அடி பருக்கும். ஓராண்டில் கழற்றுங்கள். கழற்ற மறந்த கம்பியும் கயிறும் இரும்புக்கூண்டும் பட்டைக்குள் புதைந்து கொன்ற மரங்கள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கின்றன. நட்ட தேதியை எழுதும் இடத்திலேயே கழற்ற வேண்டிய தேதியையும் எழுதிவிடுங்கள்.

மழைக்காலம் உள்ள ஊர்களில் முதல் நல்ல மழைக்குப் பிறகும், குளிர்நாடுகளில் இலையில்லாத பருவத்திலும் நடுவது நல்லது. விழா தேதிக்காகக் கடும்கோடையில் நடுவதை உறுதியாக மறுத்துவிடுங்கள்.

முதல் மூன்று ஆண்டு தண்ணீர்

நட்ட முதல் வாரங்களில் வேர் முழுவதும் பழைய வேர்க்கட்டிக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதே வேர்க்கட்டி காய்ந்துவிடும். அதனால் ஈரத்தை வேர்க்கட்டிக்குள் விரல் விட்டுப் பாருங்கள். 2.5 செ.மீ. விட்டமுள்ள தண்டுக்கு வாரத்துக்கு 20 முதல் 40 லிட்டர் தேவை. முதலில் இரண்டு மூன்று தவணையாக, வேர் பரவிய பிறகு ஒரே தவணையாக. நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பது மேல்மண்ணில் வேரைப் பழக்கிவிடும். ஒரு வாரம் ஆள் வராவிட்டால் கன்று வாடும்.

குழாய் எட்டாத இடத்தில் 20 லிட்டர் வாளியின் அடியோரத்தில் மெல்லிய ஆணியால் ஒரு துளை போட்டுக் கன்றருகே வையுங்கள். நிரப்பிய வாளி காலியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். பத்து நிமிடத்தில் காலியானால் துளை பெரிது, தண்ணீர் வழிந்தோடியிருக்கும். ஆண்டுதோறும் பாத்தியை வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். உறிஞ்சும் சல்லிவேர்கள் கிளைநுனிக்கு நேர் கீழேயும் அதைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கும்.

பெரிய மரத்தைக் காப்பது

நூறு கன்று நட்டாலும் ஒரு முதிய மரத்தின் நிழல் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே இருக்கும் மரத்தை இழக்காமல் பார்ப்பதே பெரிய வேலை. நெஞ்சளவு உயரத்தில் தண்டின் சுற்றளவை நாடாவால் எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். அதை 12ஆல் பெருக்குங்கள். 157 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 50 செ.மீ., காக்க வேண்டிய வேர்வட்டம் 6 மீட்டர் ஆரம். இந்த வட்டத்துக்குள் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவது, மணல், ஜல்லி கொட்டுவது, வண்டி நிறுத்துவது, சிமென்ட் கரைத்த தண்ணீரை ஊற்றுவது எதுவும் கூடாது. கட்டட வேலை தொடங்குவதற்கு முன்பே வட்டத்தைச் சுற்றி வேலி போடுங்கள். பெரும்பாலான வேர்கள் மேல் 60 செ.மீ. மண்ணிலேயே இருப்பதால், தரையை உயர்த்த மண் கொட்டுவதும் வேரின் மூச்சை அடைக்கும். கெடுதல் உடனே தெரியாது. மூன்று, ஐந்து ஆண்டு கழித்து உச்சி காயும்போது பழைய பள்ளம் யாருக்கும் நினைவிருக்காது.

கவாத்தில் ஓராண்டில் நால்வகைக் கிளைகளை மட்டும் எடுத்தால் போதும்: காய்ந்தவை, ஒடிந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, பாதையில் தலையிடிப்பவை. பச்சைக்கிளை மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கனத்த கிளையை மூன்று வெட்டாக எடுங்கள். தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக அறுங்கள், கிளை பட்டையை உரிக்காமல் விழும். கடைசியாக மீந்த கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் தடித்திருக்கும் மேட்டுக்கு வெளியே ஒட்டி அறுங்கள். அந்த மேட்டை வெட்டிவிட்டால் காயம் மூடாது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துக் காட்டியது இதுதான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துவைக்கிறது. வெட்டுவாயில் தார் அல்லது வண்ணம் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. மரத்தின் தலையை மொட்டையாக வெட்டுவது எந்தச் சூழலிலும் வேண்டாம். மின்கம்பிக்கு அருகிலும், ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்திலும் உள்ள கிளைகளைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

புல்தரை

நாளுக்கு நான்கு மணி நேரமாவது நேர்வெயில் விழாத இடத்தில் புல்லோடு போராடாதீர்கள். அடர்ந்த மரத்தடியில் மூடாக்கும் நிழல்தாங்கும் செடிகளும் போதும். வெட்டும்போது ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், 5 முதல் 7 செ.மீ. விட்டுவைத்தால் வேர் ஆழமாகப் போகும். விளையாடித் தேய்ந்த இடத்தில், மண் ஈரமாக இருக்கும்போது, மண்கட்டியை உருளையாக வெளியே எடுக்கும் குழல்முள் கருவியால் 7, 8 செ.மீ. ஆழத்துக்குத் துளையிடுங்கள். வெறும் ஆணிச்செருப்பு மண்ணை ஓரமாக அமுக்குமே தவிர இளக்காது. பிறகு அந்தப் பகுதியை ஆறு வாரம் மூடிவைத்து, ஆட்டத்தை வேறு பக்கம் மாற்றிவிடுங்கள்.

பாதை, இருக்கை, வெளிச்சம்

சக்கரநாற்காலியும் ஒரு ஆளும் ஒருவரையொருவர் தாண்ட 1.5 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கரநாற்காலிக்கு 1.8 மீட்டர். நெடுக்கச் சரிவு 20க்கு 1ஐத் தாண்டக் கூடாது. குறுக்குச் சரிவு 50க்கு 1 இருந்தால் தண்ணீர் ஓடிவிடும், நாற்காலியும் பக்கவாட்டில் இழுக்காது. மரத்தருகே பாதை போட்டால் தரையைத் தோண்டாமல் மேலேயே ஜல்லி பரப்பி உயர்த்திப் போடுங்கள்.

இருக்கையின் உயரம் 45 செ.மீ., முதுகுச்சாய்வு, இரு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி இல்லாத இருக்கையில் உட்கார்ந்த முதியவர் எழ முடியாமல் தவிப்பார். 50 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்தால் மெதுவாக நடப்பவர்களும் முழுச் சுற்று வருவார்கள். பக்கத்தில் 90 செ.மீ. கெட்டித்தரை விட்டால் சக்கரநாற்காலி வைத்துக்கொண்டு கூட இருந்து பேசலாம். இருக்கையை நண்பகல் நிழலைப் பார்த்து வைக்காதீர்கள், மக்கள் வரும் மாலை நிழலைப் பார்த்து வையுங்கள். இருக்கையின் முன்னால் கால் படும் ஒரு மீட்டரைச் சரளையால் மூடிவிடுங்கள். பூங்காவில் மண் முதலில் சாகும் இடம் அதுதான்.

நியூயார்க்கின் பிரயன்ட் பூங்கா ஒரு காலத்தில் மக்கள் ஒதுங்கிப்போகும் இடமாக இருந்தது. பொதுவெளிகளில் மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட்டின் யோசனைப்படி பார்வையை மறைத்த வேலிச்செடிகளை எடுத்தார்கள், வாசல்களைத் திறந்தார்கள், நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டார்கள். 1992இல் மறுபடி திறந்தபோது கூட்டம் திரும்பி வந்தது. உங்கள் பூங்காவில் நாற்காலி போட முடியாவிட்டாலும் பார்வையைத் திறக்க முடியும். பாதையோரச் செடிகள் 60 முதல் 90 செ.மீ.க்குள், மரக்கிளைகள் 2.2 மீட்டருக்கு மேலே இருக்கட்டும். விளக்குக்கம்பத்தை மரம் முழுதாக வளர்ந்த பிறகு எவ்வளவு விரியும் என்று பார்த்து, அதற்கு வெளியே நடுங்கள். இல்லையென்றால் சில ஆண்டில் விளக்கு இலைக்குள் போய்விடும், மரத்தை வெட்டச் சொல்வார்கள்.

விளையாட்டிடம்

சறுக்கு, ஏணி போன்றவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் தடையில்லாத விழும் பரப்பு வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. புல்லையோ மண்ணையோ பாதுகாப்பான தரை என்று எண்ணாதீர்கள், இரண்டும் மிதிபட்டால் கட்டாந்தரைதான். மரத்துண்டு 30 செ.மீ. தடிமனுக்குப் போட்டால் அமுங்கி 23 செ.மீ. நிற்கும். ஊஞ்சலின் அடியிலும் சறுக்கின் முடிவிலும் அது தள்ளப்பட்டுக் குழியாவதால் வாரந்தோறும் வாரி இழுத்துச் சமன்செய்ய வேண்டும். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட எந்த இடுக்கிலும் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளலாம். அளவுக்கட்டை ஒன்று செய்து எல்லாக் கம்பி இடைவெளியிலும் நுழைத்துப் பாருங்கள்.

மழைநீரும் சருகும்

1 மில்லிமீட்டர் மழை, 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கெட்டித்தரையில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். அதன் தாழ்ந்த ஓரத்தில் 10 சதுர மீட்டர் பரப்பில் 15 செ.மீ. பள்ளம் எடுத்தால் 1,500 லிட்டர் நிற்கும், மீதி பெய்யும்போதே உறிஞ்சப்படும் அல்லது நீங்கள் விட்ட வழிந்தோடும் வாயில் போகும். மணிக்கு 2.5 செ.மீ. இறங்கும் மண்ணானால் பள்ளம் ஆறு மணி நேரத்தில் வற்றிவிடும். இரண்டு நாளைத் தாண்டித் தேங்கினால் மண் அடைத்திருக்கிறது, அடிமண்ணைக் கிளறி மட்கு சேருங்கள். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரமாவது ஆகும் என்பதால் இரண்டு நாளில் வற்றும் பள்ளத்தால் தொல்லை இல்லை.

சருகைக் கொளுத்தாதீர்கள். மரம் மண்ணிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழி அது. செடிப் பாத்திகளில் விழுந்ததை அப்படியே விட்டுவிடலாம். பாதையில் பெருக்கியதை 1 மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள கம்பிவலைக் கூட்டில், மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சைப்புல் என்று அடுக்கி, பிழிந்த துணியின் ஈரத்தில் வையுங்கள். உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். சூடு தணிந்ததும் புரட்டுங்கள். நாற்றம் வந்தால் ஈரமோ புல்லோ அதிகம். சூடே ஏறாவிட்டால் காய்ந்திருக்கிறது.

குறிப்பேடு

ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். நட்ட தேதி, தண்டு விட்டம், முட்டு கழற்றிய தேதி, கவாத்து எடுத்த தேதி என்று அந்த எண்ணின் கீழ் எழுதிவாருங்கள். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை விளையாட்டுக் கருவி, குழாய், உடைந்த கண்ணாடி. பலத்த காற்றுக்கு மறுநாள், பூங்காவைத் திறப்பதற்கு முன், தொங்கும் கிளைகளும் அடிமண்ணில் புது வெடிப்போடு சாய்ந்த மரங்களும். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையைவிட, ஓராண்டிலும் மூன்றாண்டிலும் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற எண்ணிக்கையைப் பெரிதாக எழுதுங்கள். ஒரு மூலையில் மட்டும் கன்றுகள் கொத்தாகப் போயிருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறக்கச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு மறுநாள், அதே 8 மி.மீ. கம்பியை எடுத்துக்கொண்டு முதலில் குத்திய அதே இடங்களுக்குப் போங்கள். சென்ற முறை 5 செ.மீ.யில் நின்ற இடத்தில் இப்போது 12 வரை இறங்கினால், அங்கே கன்று வைக்க நாள் பார்க்கலாம்.